மிளகின் வால் எங்கே?

"அக்கா, 640 படம் அனுப்பியிருக்கீங்க. ராத்திரி உட்கார்ந்து எல்லாத்தையும் பார்த்துட்டேன். ஒண்ணுல கூட வால் இல்லைங்களே."

கோவையிலிருந்து அந்தப் பெண் போனில் இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை. 11 வருடம் எங்களோடு இருந்த நாய். கேட் சத்தம் கேட்டால் அவனுக்கு முன்னால் அவன் வால்தான் எழுந்திருக்கும். ஸ்டூலில் வைத்த காபி டம்ளரை எத்தனை தடவை தட்டிவிட்டிருக்கிறது! போனை வைத்துவிட்டு ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். உட்கார்ந்திருக்கும் படங்களில் வால் உடம்புக்குப் பின்னால் போயிருந்தது. நிற்கும் படங்களில் ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தது. மிச்சத்தில் கலங்கலாக ஒரு கறுப்புத் தீற்றல், அவ்வளவுதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் ஆட்ட ஆரம்பித்துவிடுவான். கூப்பிடாமல் நாங்கள் ஒரு படம்கூட எடுத்ததில்லை.

மிளகு என்று பெயர். ஓர் ஐப்பசி மழையில், மயிலாடுதுறையில் அம்மா வீட்டுத் திண்ணைக்கு வந்து ஒண்டிக்கொண்ட நாட்டு நாய்க்குட்டி. உடம்பெல்லாம் கறுப்பு. நெஞ்சில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை. போன ஆவணியில் இறந்துபோனான். அதற்குப் பிறகு அம்மா திண்ணையில் உட்காருவதையே விட்டுவிட்டாள். அவனைப் போலவே ஒரு சின்ன உருவம் செய்து கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. அப்படித்தான் கோவைப் பெண்ணைத் தேடிப் பிடித்தேன்.

அவள் செய்வது நீடில் ஃபெல்ட்டிங். செம்மறி ஆட்டு ரோமத்தை எடுத்து, ஓரங்களில் நுண்ணிய கீறல்கள் வெட்டிய ஊசியால் குத்திக் குத்தி இறுக்குவது. ரோமத்தின் ஒவ்வோர் இழையிலும் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. ஊசியின் கீறல் இழையை உள்ளே இழுத்துப் போகும்போது செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. பஞ்சு மாதிரி இருந்தது மெல்ல மெல்லக் கட்டிப்பட்டு மண்டையாகிறது, தாடையாகிறது, காலாகிறது. ஆலைகளில் கம்பளி விரிப்பு செய்யும் இயந்திரங்களுக்காக வந்த ஊசிதான் இது. ஒரு சாண் உயரத்தில் நாய் செய்ய ஆயிரக்கணக்கான குத்துகள், வாரக்கணக்கில் வேலை. கறுப்பு நாய்க்குக் கறுப்பு ரோமத்தை மட்டும் வைத்தால் போதாதாம். காப்பிப் பொடி நிறம், சாம்பல், கொஞ்சம் கருநீலம் எல்லாவற்றையும் இரண்டு கம்பி பிரஷ்களுக்கு நடுவில் வைத்துச் சீவிக் கலந்தால்தான் உயிருள்ள கறுப்பு வரும் என்றாள்.

"நான் உங்க மிளகைப் பார்த்ததே இல்லைங்க அக்கா. நீங்க என்ன அனுப்புறீங்களோ அதுதான் எனக்கு மிளகு."

இந்தச் சொல் எனக்குள் தங்கிவிட்டது. பென்சில் ஓவியம், கேன்வாஸ், களிமண், ரெசின் என்று எந்தப் பொருளில் செய்கிறவராக இருந்தாலும் இதே நிலைதான். அவர்களில் அநேகம் பேர் அந்தப் பிராணியைத் தொட்டதில்லை. அதன் வாசனை தெரியாது. அது கொட்டாவி விடும்போது எழுப்பும் சத்தம் தெரியாது. நம் வீட்டுப் பிராணி ஒருவரின் கைக்குப் போய்ச் சேர இருக்கும் ஒரே வழி, நாம் பொறுக்கித் தரும் சில படங்கள். அந்தப் பொறுக்குதலில் நான் செய்த தவறுகள் ஏராளம். பிறகு கற்றுக்கொண்டதும் நிறைய.

மூக்கு பெரிதான கதை

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் பிடித்த படம் ஒன்று உண்டு. மிளகு அண்ணாந்து கேமராவை முகர்ந்துகொண்டிருப்பான். உருண்டை மூக்கு படத்தில் பாதியை அடைத்திருக்கும். பின்னால் சின்னதாகக் கண்கள். அதற்கும் பின்னால் துளித்துளியாகக் கால்கள். இதைத்தான் முதல் படமாக அனுப்பியிருந்தேன். அவள் அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டாள்.

காரணம் எளிய கணக்கு. ஒரு நாட்டு நாயின் மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் இடையே சுமார் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போனை மூக்கிலிருந்து 30 சென்டிமீட்டரில் பிடித்தால் கண் 40 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. அப்போது கண்ணோடு ஒப்பிட மூக்கு மூன்றில் ஒரு பங்கு பெரிதாகப் பதியும். அதே போனோடு 2 மீட்டர் பின்னால் போய், ஜூம் வைத்து எடுத்தால் வித்தியாசம் 5 சதவீதம்தான். முகம் முகமாகவே வரும். ஆக, முகத்தைக் கெடுப்பது கிட்டப்போவதுதான். நாம் கிட்டத்தில் இருந்து எடுத்த படம் பாசமாகத் தெரியும். அதை வைத்து மண்டையோட்டின் அளவை எடுக்கப் போனால் இன்னொரு நாய்தான் கிடைக்கும்.

உயரமும் அப்படியே. நாம் நின்றுகொண்டு, குனிந்து பார்த்து எடுக்கிறோம். தலை பெரிதாகவும் கால்கள் குட்டையாகவும் விழுகின்றன. சிப்பிப்பாறையோ கன்னியோ வளர்ப்பவர்கள் இதில் கூடுதலாக ஏமாறுவார்கள். அந்த நாய்களுடைய அழகெல்லாம் நீண்ட முகத்திலும் உயர்ந்த கால்களிலும் ஏறி இறங்கும் அடிவயிற்றிலும் இருக்கிறது. நேர் முன்னாலிருந்து எடுத்தால் நீண்ட முகம் மடங்கிப்போகிறது. மேலிருந்து எடுத்தால் கால் போகிறது. பக்கவாட்டில், நாயின் கண் மட்டத்துக்குப் போனை இறக்கி, முழு உடம்பும் தெரிய எடுத்த ஒரு படம்தான் அவற்றுக்கு ஆதாரம். அதற்கு நாம் தரையில் படுக்க வேண்டும். நாய் உடனே ஓடிவந்து முகத்தை நக்கும். பரவாயில்லை, இன்னொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திருப்பட்டும்.

இடப்பக்கம், வலப்பக்கம், நேர், பின்பக்கம், முகம் மட்டும், பாதம் மட்டும் என்று அவள் கேட்டுக்கொண்டே போனபோது எனக்குக் கொஞ்சம் அலுப்பாக இருந்தது உண்மை. பின்பக்கம் எதற்கு? "உருவத்தை மேசையில வெச்சா எல்லாப் பக்கமும் பார்ப்பாங்களே அக்கா. ஓவியம்னா ஒரு பக்கம் போதும். எனக்கு முதுகு இல்லாத நாயைச் செய்ய முடியாதுங்க" என்றாள். அவள் கேட்டதன் நியாயம் அப்போது புரிந்தது. ஓவியருக்கு ஒரு நல்ல படம், அதைத் தாங்க நான்கைந்து துணைப் படங்கள். உருவம் செய்கிறவருக்கு ஒரு சுற்று முழுக்க வேண்டும்.

கறுப்பு நாயும் மத்தியான வெயிலும்

கறுப்பு நாய் வளர்த்தவர்களுக்கு இது தெரியும்: பாதிப் படங்களில் நாய் இருக்காது, நாய் வடிவில் ஓர் ஓட்டை இருக்கும். இரண்டு கண்கள் எங்கே என்று தேட வேண்டும். வேறு சில படங்களில் வெளுத்த சாம்பல் நாய் ஒன்று நிற்கும்.

கேமரா தன் முன்னால் இருப்பதையெல்லாம் கூட்டிச் சராசரி எடுத்து, அது நடுத்தரச் சாம்பலாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு வெளிச்சத்தை அளக்கிறது. வெயிலில் மின்னும் சிமென்ட் தரையில் கறுப்பு நாய் நின்றால், தரையைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் குறைக்கும். நாய் கரிக்கட்டை. நாயே படம் முழுக்க அடைத்திருந்தால், இருட்டு என்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டும். நாய் சாம்பல், நெஞ்சு வெள்ளை கண்கூசும் வெற்றிடம். ராஜபாளையம் வைத்திருப்பவர்களுக்கு இதன் மறுபக்கம். பால் வெள்ளை உடம்பு வெயிலில் மொத்தமாக வெளுத்து, முடி எந்தப் பக்கம் படிந்திருக்கிறது என்பதே தெரியாது. அந்த இளஞ்சிவப்பு மூக்கு மட்டும் தனியே மிதக்கும்.

போன் திரையில் நாயின் முகத்தைத் தொட்டால், பக்கத்தில் ஒரு சின்னச் சூரியன் வரும். அதை மேலே கீழே நகர்த்தினால் வெளிச்சம் கூடும், குறையும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு 11 வருடம் ஆனது. ஆனால் அதைவிட முக்கியம் எந்த இடத்தில், எப்போது எடுக்கிறோம் என்பது. நம் ஊர் உச்சி வெயிலில் யாரையும் படம் எடுக்கக் கூடாது, நாயை எடுக்கவே கூடாது. மூக்குக்குக் கீழே, கண்ணுக்குக் கீழே கறுத்த நிழல் விழுந்துவிடும். திண்ணை ஓரம், வேப்ப மர நிழலின் விளிம்பு, மேகம் மூடிய காலை, இவையெல்லாம் முடியை முடியாகக் காட்டும். திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கும் நாய்க்குக் கண்ணில் ஒரு வெளிச்சப் பொட்டு விழும். ஓவியர்கள் அந்தப் பொட்டைத்தான் முதலில் தேடுகிறார்கள். அது இல்லாத கண் எவ்வளவு துல்லியமாக வரைந்தாலும் உயிரில்லாமல் இருக்கும்.

அந்த வெளிச்சத்தில்தான் நான் இன்னொன்றையும் கண்டேன். மிளகின் கண் கறுப்பு என்று சத்தியம் செய்திருப்பேன். ஒரே ஒரு படத்தில், காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்திருந்த படத்தில், அது பனங்கருப்பட்டி நிறத்தில் இருந்தது. உருவத்துக்குக் கண்ணாடிக் கண் வைக்கிறவர்கள் மில்லிமீட்டர் கணக்கில் அளவும் நிறமும் பார்த்து வாங்குகிறார்கள். அந்த ஒரு படம் இல்லாவிட்டால் கறுப்புக் கண்ணோடு யாரோ ஒரு நாய் வந்திருக்கும்.

ஃபிளாஷ் மட்டும் வேண்டாம். நாய்க்கும் பூனைக்கும் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஓர் அடுக்கு இருக்கிறது. இருட்டில் பார்ப்பதற்காக உள்ளே வரும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் அடுக்கு. ஃபிளாஷ் அடித்ததும் பச்சையாகவோ மஞ்சளாகவோ ஜொலிப்பது அதுதான். அந்தப் படத்தில் கண் நிறம் என்று எதுவும் மிஞ்சாது. பூனை வைத்திருப்பவர்கள் கருமணியையும் கவனிக்க வேண்டும். வெயிலில் அது கோடாகச் சுருங்கும், மங்கிய அறையில் வட்டமாக விரியும். கோடாக இருக்கும்போது பூனை ஏதோ கோபமாக இருப்பது போலத் தோன்றும். மடியில் படுத்து நம்மைப் பார்க்கும் பூனைதான் மனதில் இருக்கிறது என்றால், ஜன்னலுக்குக் கொஞ்சம் தள்ளி, சாயங்கால வெளிச்சத்தில் எடுத்த படத்தைக் கொடுங்கள்.

நிறத்தில் நம் வீடுகளே ஒரு சிக்கல். சிவப்பு சிமென்ட் தரை நாயின் அடிவயிற்றைச் செம்மையாக்கும். பச்சைச் சுவர் காதோரத்தைப் பச்சையாக்கும். டியூப்லைட்டில் ஒரு நிறம், மஞ்சள் பல்பில் ஒரு நிறம். கோவைப் பெண் தன் புது வாடிக்கையாளர்களிடம் ஒன்று சொல்கிறாள்: பிராணி உயிரோடு இருந்தால், அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து ஒரு படம் எடுங்கள். தாள் படத்தில் எந்த நிறம் பூசியிருக்கிறதோ அதைக் கழித்தால் முடியின் நிறம் கிடைத்துவிடும். உங்கள் கையும் அதில் இருக்கட்டும். தலை எவ்வளவு பெரிது என்பதைக் கை சொல்லிவிடும்.

எந்த வயது மிளகு?

கோணமும் வெளிச்சமும் கற்றுக்கொள்ளக் கூடியவை. எனக்கும் அம்மாவுக்கும் இடையில் வந்த சண்டைதான் பெரிது. எந்த வயது மிளகைச் செய்யச் சொல்வது?

நான் மூன்று வயது மிளகைத் தேர்ந்தெடுத்திருந்தேன். மினுங்கும் கறுப்பு, விறைத்த காதுகள், கொல்லைப்புறத்தில் அணிலைத் துரத்தும் உடம்பு. அம்மா அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, "இவன் வேற யாரோ மாதிரி இருக்கான்" என்றாள். கடைசி நான்கு வருடம் அவனோடு தனியாக இருந்தவள் அவள். அவளுக்குத் தெரிந்த மிளகுக்கு வாயைச் சுற்றி நரைத்திருந்தது. வெயிலில் படுத்துப் படுத்து முதுகுக் கறுப்பு செம்பட்டை ஏறியிருந்தது. தெரு நாய் கடித்ததில் வலது காதின் நுனி கிழிந்திருந்தது. நான் விடுமுறைக்கு வந்து போகிறவள். என் மனதில் இளம் மிளகு நின்றுவிட்டான்.

அப்போது எனக்கு ஹாச்சிகோவின் காது ஞாபகம் வந்தது. டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில், 1925-இல் இறந்துபோன தன் எஜமானர் பேராசிரியர் உவெனோவுக்காகப் பத்து வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் காத்திருந்த அகிதா நாய். உயிரோடு இருக்கும்போதே, 1934-இல், சிற்பி ஆந்தோ டெரு அதற்கு வெண்கலச் சிலை செய்தார். திறப்பு விழாவுக்கு ஹாச்சிகோவே வந்தது. அடுத்த வருடம் மார்ச் 8 அன்று இறந்தது. போர்க்காலத்தில் உலோகத்துக்காக அந்தச் சிலையை உருக்கிவிட்டார்கள். சிற்பியும் 1945-இல் விமானத் தாக்குதலில் இறந்தார். அவர் மகன் தாக்கேஷி 1948-இல் மறுபடியும் செய்ததுதான் இன்று ஷிபுயாவில் நிற்பது.

அகிதா என்றால் விறைத்து நிற்கும் இரட்டைக் காது. ஷிபுயா சிலையில் இடது காது மடிந்து தொங்குகிறது. முதுமையில் ஹாச்சிகோவின் காது அப்படித்தான் ஆகியிருந்தது. ஸ்டேஷன் வாசலில் மக்கள் தினமும் பார்த்த கிழ நாயை அப்பாவும் மகனும் அப்படியே வைத்தார்கள். அதே டோக்கியோவில், உவெனோ பகுதியிலுள்ள தேசிய அறிவியல் அருங்காட்சியகத்தில் ஹாச்சிகோவின் தோலைப் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அங்கே இரண்டு காதும் நிமிர்ந்து நிற்கின்றன. ஓர் இனத்தின் லட்சணத்தைக் காட்ட வேண்டிய இடத்தில் அது நியாயமாக இருக்கலாம். ஆனால் நிஜத் தோல் போர்த்திய உருவத்தைவிட வெண்கலத்தில்தான் ஹாச்சிகோ அதிகம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஒரு மடிந்த காதுதான் அந்த வித்தியாசம்.

நம் பக்கத்தில் இதற்கு இன்னும் பழைய சாட்சி உண்டு. திருவண்ணாமலை மாவட்டம், தண்டராம்பட்டு வட்டத்தில் எடத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எடுத்த நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனின் கல். அவன் பின்னால் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், கள்வர் இருவரைக் கடித்து அது காவல் நின்றது என்றும் கல்வெட்டு சொல்கிறது. கர்நாடகத்தின் மண்டியா பகுதியிலுள்ள ஆதகூரில் 10-ஆம் நூற்றாண்டுக் கல் ஒன்று கிடைத்தது. காட்டுப் பன்றியோடு பொருதி இறந்த காளி என்ற வேட்டை நாய்க்காக மணலேரன் என்ற வீரன் எடுத்தது. நாயும் பன்றியும் மோதும் கணம் அதில் அப்படியே செதுக்கியிருக்கிறது. இன்று அது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அய்யனார் கோயில் மண்குதிரைகள் எல்லாக் குதிரைகளுக்கும் பொது. வைரவருக்குப் பக்கத்தில் நிற்கும் நாயும் எல்லா நாய்களுக்கும் பொது. கோவிவனும் காளியும் அப்படி இல்லை. பெயர் உள்ள நாய்கள், ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு குறிப்பிட்ட காரியம் செய்த நாய்கள். அந்தச் சிற்பிகளிடம் போட்டோ இல்லை. கூட இருந்தவர்கள் வாயால் சொன்னதைக் கேட்டு உளி பிடித்திருப்பார்கள். அவர்கள் சொன்னது நாயின் உயரத்தை இல்லை, அது என்ன செய்துகொண்டிருந்தது என்பதை.

நானும் அம்மாவைக் கேட்டேன். மிளகு என்ன செய்துகொண்டிருப்பான்? அவள் யோசிக்கவே இல்லை. "என் பின்னாடி படுத்திருப்பான். நான் எந்தப் பக்கம் போனாலும் தலையைத் தூக்காம கண்ணை மட்டும் உருட்டிப் பார்ப்பான்."

என்னிடம் இருந்த 640 படங்களில் பெரும்பாலானவற்றில் மிளகு நிமிர்ந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிஸ்கட்டுக்காக. கண் மட்டும் உருட்டிப் பார்க்கும் மிளகு நான்கே படங்களில் இருந்தான். அவற்றைக் கோவைக்கு அனுப்பி, வயது 10, கிழிந்த காதும் நரைத்த வாயும் அப்படியே வேண்டும் என்று எழுதினேன்.

கண்ணாடியில் பார்த்த நாய்

இதற்கிடையில் இன்னொரு குழப்பம் வந்தது. சில படங்களில் கிழிந்த காது வலப்பக்கம், சிலவற்றில் இடப்பக்கம். அம்மாவைக் கேட்டால் வலது என்றாள். தம்பி இடது என்று அடித்துச் சொன்னான், ஆதாரம் காட்டினான். கடைசியில் பார்த்தால், அவன் நாயோடு சேர்ந்து செல்ஃபி எடுத்தவன். சில போன்கள் முன்பக்கக் கேமராவில் எடுப்பதைக் கண்ணாடி பிம்பமாகவே சேமிக்கின்றன. அவன் சட்டையில் இருந்த எழுத்துகள் இடம்வலமாகத் திரும்பியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஒரு கண்ணைச் சுற்றி மட்டும் திட்டு உள்ள நாய், ஒரு பாதம் மட்டும் வெள்ளையான பூனை என்றால் இந்தத் தவறு மொத்த உருவத்தையும் கெடுத்துவிடும். வரிப் பூனைகளுக்கு இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வேறு வேறு. ஒன்றைத் திருப்பிப் போட்டு மற்றதைச் செய்ய முடியாது.

போன் தானாகச் செய்யும் ஒப்பனைகளும் உண்டு. பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் முறை, மீசை முடியையும் காதோர மயிரையும் பின்னணி என்று நினைத்துக் கரைத்துவிடும். மங்கிய பழைய படத்தைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு தெளிவாக்கித் தருகிறோம் என்று இப்போது நிறைய செயலிகள் வந்துவிட்டன. நானும் ஒன்றில் போட்டுப் பார்த்தேன். கண்ணைப் பறிக்கும் தெளிவு. நெஞ்சு முடி ஒவ்வொன்றும் தெரிந்தது. கிழிந்த காது மட்டும் முழுசாகியிருந்தது. அந்தச் செயலி மிளகைப் பார்க்கவில்லை, ஆயிரம் நாய்களைப் பார்த்து ஒரு நாயை வரைந்திருந்தது. மங்கலாக இருந்தாலும் உண்மையான படத்தையே அனுப்புங்கள். மங்கலைப் படிக்க அந்தக் கைகளுக்குத் தெரியும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிப்போகும், டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவதைத் தவிர்த்துவிடலாம். மூலப் படத்துக்குள் எடுத்த தேதியும் இருக்கும், வயதைக் கணக்கிட உதவும். இணையத்தில் கிடைத்த அதே இன நாயின் அழகான படத்தைக் காட்டி இதைப் போல என்று சொல்வது மட்டும் தப்பு. அந்தப் படம் எடுத்தவருக்குச் சொந்தம் என்பது ஒன்று. அதில் இருப்பது நம் நாய் இல்லை என்பது அதைவிடப் பெரியது.

நிறையப் படம் இல்லாதவர்கள் கலங்க வேண்டாம். வீடியோக்களைத் தேடுங்கள். நாம் படம் எடுக்கும்போது நாய் நமக்காக நிற்கிறது. வீடியோவில் அது தன் போக்கில் நடக்கிறது, திரும்புகிறது, உடம்பை வளைத்துச் சோம்பல் முறிக்கிறது. அங்கங்கே நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் முதுகின் வளைவும் கால் வைக்கும் விதமும் கிடைத்துவிடும். அப்புறம் மற்றவர்களின் போன்கள். பிறந்த நாள் கேக் வெட்டும் படத்தில் மேசைக்குக் கீழே, மாப்பிள்ளை அழைப்புப் படத்தில் கார் டயருக்குப் பக்கத்தில், யாரும் கவனிக்காமல் நம் பிராணி நின்றுகொண்டிருக்கும்.

வாலும் அப்படித்தான் கிடைத்தது. எங்கள் எதிர் வீட்டுப் பெண் மார்கழியில் தினமும் தெருக் கோலங்களைப் படம் எடுத்து வைப்பாள். விஷயத்தைச் சொன்னதும் மூன்று வருடக் கோலங்களைத் தோண்டினாள். இரண்டாம் வருடத்தில், அம்மா போட்ட சிக்குக் கோலத்துக்குப் பின்னால், படிக்கட்டோரம், கேமரா இருப்பதே தெரியாமல் மிளகு தூங்கிக்கொண்டிருந்தான். வால் பின்னால் நீண்டு, கோலத்தின் கடைசிப் புள்ளிவரை வந்திருந்தது. முதல் தடவையாக ஆடாத வால். விடியல் வெளிச்சத்தில் அடி பருத்து, நடுவில் லேசாக வளைந்து, நுனி மட்டும் வெள்ளையாக.

கோவைக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"ரொம்ப நல்ல படம் அக்கா. ஒரே ஒரு சந்தேகம். வால் நுனியில இருக்கிறது வெள்ளை முடிங்களா, இல்ல கோலமாவுங்களா?"

எனக்குத் தெரியவில்லை. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டம் கட்டமாக உடைந்ததே தவிரத் தெரியவில்லை. அப்படியே போனை அம்மாவிடம் நீட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அவனுக்கு ஏதுடி வெள்ளை வால்? கோலமாவுதான். தினமும் இதே கூத்து. நான் போட்டு முடிக்கறதுக்குள்ள வந்து வாலை நீட்டிப் படுத்துப்பான். எழுப்பி, தட்டி விட்டுட்டுத்தான் உள்ளே வருவேன்."

ஸ்பீக்கரில் இருந்த கோவைப் பெண் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப முழுக் கறுப்பாவே வெச்சிடட்டுங்களா அம்மா?"

அம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேண்டாம்மா. அந்த மாவு இருக்கட்டும். தட்டி விடாதே."